மைக்கின் பல்செட்

காலையில் என் லேபுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் வருவார்கள். பல்செட் உடைந்திருக்கும், பேரப்பிள்ளை தூக்கி எறிந்திருக்கும், அல்லது தும்மியதில் கழிவறைக்குள் போய் விழுந்திருக்கும். கடைசி ரகத்தை நான் கையுறை இல்லாமல் தொடுவதில்லை. அன்று வந்தவள் வாயைப் பொத்தவில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் தண்ணீர் தளும்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாக நடந்து வந்தாள்.

“கொக்கு மாமா” என்றாள்.

மைக்கின் மகள், வெளியூரில் கட்டிக்கொடுத்தவள். ஊரைப் பொறுத்தவரை நான் பல்செட் செய்கிற ஆள். ஐம்பத்தொன்பது வயசு, முன்வழுக்கை, முன்கோபம். கொக்கு என்று என்னைச் சொல்ல இரண்டே பேர். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த மைக் ஒருவன். அவன் பெற்ற பெண் இன்னொருத்தி. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க அவனைத்தான் நிறுத்துவார்கள், அப்படி ஒரு குரல், அதனால் அவன் மைக். கழுத்து நீளம் என்பதால் நான் கொக்கு. படிப்பு முடிந்ததும் பட்டப்பெயரும் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவன் விடவில்லை. மகளுக்குப் பேச்சு வந்த நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டான். என் மாமனார் வீட்டுக் கூட்டத்தின் நடுவே அந்த வாண்டு ஓடி வந்து “கொக்கு மாமா, தூக்கு” என்றபோது என் மானம் கப்பலேறியது.

“உக்காரு பாப்பா” என்றேன். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணைப் பாப்பா என்கிறேனே என்று தோன்றவில்லை. ஆறு நாளாகத் தூங்காத முகம்.

ஆறு நாளைக்கு முன்னால் சாயங்காலம் ஐந்தேகால் பஸ் பாலத்தின் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. மைக்குக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. ஐந்து மணிக்கு ஷிப்ட் முடியும். ஐந்தேகால் பஸ்ஸில் ஏறியிருக்கலாம், டீ குடித்துவிட்டு ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கும் நின்றிருக்கலாம். ஏறியதைப் பார்த்தேன் என்று சொல்ல யாரும் இல்லை. வீட்டுக்கு மட்டும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. விழுந்த பஸ்ஸிலிருந்து முதல் இரண்டு நாளில் முப்பத்தொரு பேரை எடுத்தார்கள், அதில் அவன் இல்லை. இன்னும் நான்கு பேரைக் காணோம் என்றார்கள். அந்த நான்கு பேருக்குள் அவன் இருக்க வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை என்று நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். தலையில் அடிபட்டு ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பேர் சொல்லத் தெரியாமல் படுத்திருப்பான். அவள் கணவன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

“நேத்து சாயங்காலம் கீழ மதகு பக்கத்துல ஒருத்தரை எடுத்திருக்காங்க மாமா” என்றாள். “ஆஸ்பத்திரி பிணவறைக்குப் போய்ப் பாத்தேன். முகம் ஒண்ணும் தெரியல. நீலச் சட்டை. ஆனா அந்த பஸ்ல ஸ்டாண்டு ஆளுங்க மட்டுமே பதினோரு பேரு, எல்லாருக்கும் அதே நீலச் சட்டைதானே. உயரமும் கிட்டத்தட்ட அப்பா உயரம். நான் அங்கயே உக்காந்துட்டேன். அப்புறம் அந்த கிளார்க் சொன்னாரு, வாயில மேல் வரிசைப் பல்செட் இருந்துச்சுன்னு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு மாமா.”

“ஏன்?”

டப்பாவைத் திறந்தாள். தண்ணீருக்குள் நான் செய்த செட் கிடந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே நான் வேண்டுமென்றே விட்ட இடைவெளியோடு.

“அப்பா செட் வீட்டுல இருக்கு. கட்டில் பக்கத்துக் கிண்ணத்துல. அப்ப அங்க இருக்கிறது வேற யாரோ, இல்லையா?”

நான் அந்தச் செட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தொழில் மூளை என்னைக் கேட்காமலே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. மேல் வரிசை இல்லாத ஒருவன் மைக்கில் பேசினால் அது பேச்சாக இருக்காது, காற்றாக இருக்கும். அன்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவன்தான் அறிவிப்பு செய்திருக்கிறான். ஒரு பயணி கூடப் போய்ப் புகார் சொல்லவில்லை.

“செட் போடாமயா வேலைக்குப் போனான்?” என்று கேட்டேன்.

“மறந்திருப்பாரு மாமா. ரூமுக்குள்ள தனியா உக்காந்துதானே பேசுறாரு. யாரு பாக்கப் போறாங்க?” வேகமாகச் சொன்னாள். இந்தக் கேள்வியை அவள் தனக்குத்தானே பலமுறை கேட்டு, பலமுறை இதே பதிலைச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. “நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும். உங்க லேப் பேப்பர்ல எழுதிக் குடுங்க. இது அப்பாவுக்கு நீங்க செஞ்ச செட்டு, இதைத் தவிர வேற செட் அவருக்குக் கிடையாதுன்னு. கிளார்க் கேட்டாரு. அது இருந்தா போதும்னாரு.”

தலைப்பு அச்சடித்த தாளை எடுத்தேன். ‘இத்துடன் உள்ள மேல் வரிசைப் பல்செட் என்னால் செய்யப்பட்டது’ என்று எழுதினேன். அடுத்த வரிக்குப் பேனா வரவில்லை.

ஏனென்றால் நான் அவனுக்கு இரண்டு செட் செய்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சர்க்கரை அவன் ஈறைத் தின்று, மேல் வரிசை முழுவதையும் எடுக்க வேண்டி வந்தது. டாக்டர் அளவெடுத்து அனுப்பினார். நண்பனுக்குச் செய்கிறோம் என்ற ஜோரில் நான் கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்வது போல ஒரு செட் செய்தேன். வரிசையென்றால் வரிசை, நூல் பிடித்த மாதிரி. அவன் கண்ணாடியில் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “சூப்பர்டா கொக்கு” என்று சொல்லிவிட்டுப் போனவன் மூன்றாம் நாள் திரும்பி வந்தான்.

“நல்லாத்தான்டா இருக்கு. ஆனா பாப்பா போன்ல பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் அழுவுறா. எங்கப்பா வாய் எங்கன்னு கேக்குறா. எனக்கு அந்த ஓட்டை வேணும்.”

அந்த ஓட்டை பெரிய புகழ் பெற்றது. ஏழாம் வகுப்பில் அதன் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி முதல் பெஞ்சில் இருப்பவன் பிடரியை நனைப்பான். திரும்பிப் பார்த்தால் கணக்கு நோட்டில் மூழ்கியிருப்பான், அடி எனக்கு விழும். பிறகு அது மகளுடைய சொத்தானது. அவளுக்கு நான்கு வயது இருக்கும்போது அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, சுண்டுவிரல் நகத்தால் அந்த இடைவெளியில் டொக் டொக் என்று தட்டுவாள். “யாரது?” என்பான் தொண்டையைக் கனைத்து, பஸ் நிலையக் குரலில். “பாப்பா.” “உள்ளே இடமில்லை, அடுத்த வண்டியில் வரவும்.” அவள் உருண்டு உருண்டு சிரிப்பாள். அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தாள். அதன் பிறகு பள்ளி விட்டதும் அவள் நேராகப் பஸ் நிலையத்துக்குத்தான் வருவாள். ஸ்பீக்கரில் ஊரே கேட்க அவன் குரல் வரும்: “நாலாம் வகுப்பு முடித்து வந்திருக்கும் பயணியின் கனிவான கவனத்திற்கு, சாப்பாடு ஆறுகிறது, உடனடியாக அலுவலகத்துக்கு வரவும்.” மேலதிகாரி இரண்டு முறை மெமோ கொடுத்தார். மூன்றாவது முறை அவரே சிரித்துவிட்டார்.

அப்படிப்பட்ட ஓட்டையை நான் அடைத்திருந்தேன்.

“இடைவெளி வச்சா விசில் வரும்டா” என்றேன். “சொந்தப் பல்லுல நாக்கு அம்பது வருஷத்துல வழி கண்டுபிடிச்சிடும். செட்டுல அப்படி இல்ல. நீ பேசிச் சாப்பிடுறவன்.”

“வந்தா வரட்டும். நீ செய்.”

திட்டிக்கொண்டே செய்தேன். போட்டுப் பார்த்து ‘சாலை, சந்தை, சாவடி’ என்று சொல்லச் சொன்னேன். லேசாக விசில் வந்தது. பின்பக்கம் கொஞ்சம் மெழுகு வைத்து, கொஞ்சம் ராவி, மறுபடி சொல்லச் சொன்னேன். நாலு தடவை இப்படி. ஐந்தாவது தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, “வரல, சரியாயிடுச்சு” என்று எழுந்துவிட்டான்.

“பழசைக் கொண்டாந்து குடுத்துடு. பல்லையாவது எடுத்துக்கிறேன்.”

“குப்பையில போட்டுட்டேன்டா. அந்த மூஞ்சி எனக்கெதுக்கு?”

என் நல்ல வேலையைக் குப்பையில் போட்டதற்காக நான் அவனோடு பத்து நாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் பஸ் நிலையம் வழியாகப் போகும்போது அவன் குரல் கேட்டது. ஸ்பீக்கருக்குக் கீழே நின்று காது கொடுத்தேன். ‘ச’வும் ‘ஸ’வும் சுத்தமாக விழுந்தன. ஒரு பொட்டு விசில் இல்லை. எனக்கு நெஞ்சு விம்மியது. கோபமெல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து எந்தப் பல் டாக்டரைப் பார்த்தாலும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை: முன்பல்லில் இடைவெளி வைத்தும் விசில் வராத செட், நம்ம கைவேலை.

இதெல்லாம் அந்தப் பாதி எழுதிய தாளின் முன்னால் ஓடியது. குப்பையில் போட்டுவிட்டதாக அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் வேறு செட் கிடையாது என்று நான் எழுதலாம். அது பொய்யில்லை. எழுதத்தான் ஆசையாக இருந்தது. ஆறு நாளில் முதல் தடவையாக எனக்கும் ஒரு பிடி கிடைத்திருந்தது.

“அங்க இருக்கிற செட்டை நான் ஒரு தடவை பாத்துட்டா நல்லது பாப்பா” என்றேன். “பாத்துட்டு எழுதினா யாரும் மறுத்துப் பேச முடியாது.”

“வாங்க மாமா, இப்பவே போலாம்.” அவள் குரலில் அவ்வளவு தெம்பு. பாதி எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

டாக்ஸியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பேசிக்கொண்டே வந்தாள். பயத்தில் பேசுகிறவர்களுக்கு நிறுத்தத் தெரியாது.

“இந்தச் செட்டு வந்ததுக்கு அப்புறம்தான் மாமா எங்க வீட்டுல சிரிப்பே. ஞாயித்துக்கெழமை போன்ல வருவாரில்ல, குட்டி முதல்ல ‘தாத்தா, சர்க்கரை சொல்லு’ம்பா. சொல்லுவாரு. பிரஷர் குக்கர் மாதிரி விசில் வரும். ‘சந்தோஷம்’னு சொன்னா ரெண்டு விசில். அவ விழுந்து விழுந்து சிரிப்பா.”

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு டயர் கடை போனது, ஒரு மருந்துக் கடை போனது.

“விசிலா?” என்றேன்.

“ஆமா. உங்ககிட்ட சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. கொக்கு ரொம்பப் பெருமையா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறான், தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிடுவான்னு. இப்ப பரவால்ல, சொல்லிட்டேன். வந்ததும் திட்டுவாரு.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

போன மாதம்கூட நான் அந்த ஸ்பீக்கருக்குக் கீழே நின்றிருக்கிறேன். ஒரு பொட்டு விசில் இல்லாத குரல். அது இந்தச் செட்டில் வந்த குரல் இல்லை. வேலைக்குப் போகும்போது அவன் பழைய செட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். தினமும். வீட்டுக்கு வந்து கழற்றிவிட்டு, மகளுக்கும் பேத்திக்கும் முகம் காட்ட இதைப் போட்டிருக்கிறான். நான் கீழே நின்று என் வேலையை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது, மேலே கண்ணாடி அறையிலிருந்து அவன் என்னைப் பார்த்திருப்பான். ராத்திரி இந்தச் செட்டை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, தோளில் கைபோட்டு, விசில் வராதபடி மெதுவாக, “கேட்டியா, எப்படி?” என்று கேட்டும் இருக்கிறான். கேட்டேன் என்று நானும் சொன்னேன். முட்டாள் நான். தொழில் தெரிந்த முட்டாள்.

வண்டியைத் திருப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். செட்டைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று நினைத்தேன். அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

பிணவறை பின்கட்டில் இருந்தது. சலவை அறையைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே ஒரு மேசை, ஒரு பதிவேடு, கதவுக்கு வெளியே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. கிளார்க் என் வயதுக்காரர். அவள் பெயர் சொல்லும் முன்பே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது, ஒரு சிடுமூஞ்சியாக இருந்திருந்தால் அவரிடமாவது கத்தியிருப்பேன்.

“பல்செட் செஞ்சவர் இவர்தானா? நல்லது சார்” என்றார். “உங்க லெட்டர் இருந்தா நான் ‘அடையாளம் பொருந்தவில்லை’ன்னு எழுதிடுவேன். அப்புறம் ரத்த சாம்பிள் எடுத்து அனுப்புவோம். காணாமப் போனவங்க குடும்பத்துல எல்லாரும் குடுக்கணும், நீங்களும் குடுக்கணும்மா. ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் இவரு இங்க நம்பர்லதான் இருப்பாரு.”

“ரெண்டு மாசம் ஆனா ஆகட்டும் சார்” என்றாள் அவள். “அது யாரோ பாவம். எங்கப்பா அதுக்குள்ள வந்துடுவாரு.”

கிளார்க் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, எண் எழுதிய கவர் ஒன்றை எடுத்து, எஃகுத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். அவள் பார்க்க மாட்டேன் என்று சொல்லி வெளியே நாற்காலிக்குப் போய்விட்டாள்.

நூல் பிடித்த மாதிரி வரிசை. ஆற்றுச் சேறு ஓரங்களில் அப்பியிருந்தது. கையுறை போட்டுத் திருப்பினேன். வரிசையான செட் ஊரில் ஆயிரம் பேருக்கு இருக்கும். அதைச் சொல்லியே தப்பித்துவிடலாம். ஆனால் இடது பக்கம் நாலாவது பல்லைத் தேடி என் விரல் தானாகவே போனது.

அந்தப் பல்லில் நான் ஒரு திருட்டு வேலை செய்திருந்தேன். அன்று அந்த நிறத்தில் பல் தீர்ந்துபோயிருந்தது. மறுநாள் வாங்கி வைத்திருக்கலாம். சோம்பல். ஒரு சாயல் மஞ்சள் கூடின பல்லை எடுத்து அங்கே சொருகி, மெருகேற்றி, கன்னத்துக்கு உள்ளே இருப்பதை எவன் பார்க்கப் போகிறான் என்று அனுப்பிவிட்டேன். மைக்குக்கே தெரியாது. இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சேற்றைத் துடைத்தேன். மற்றதை விட ஒரு சாயல் மஞ்சளாக இருந்தது.

முன்பற்களின் விளிம்பு தேய்ந்திருந்தது. இரண்டு வருடம் தினம் எட்டு மணி நேரம் பேசின தேய்வு.

“பொருந்துதா சார்?” என்றார் கிளார்க் தணிந்த குரலில்.

“ஆளைப் பாக்கலாமா?”

“முகம் வேணாம் சார். காலைப் பாருங்க.”

உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் குளிர்பெட்டி ஒன்றை இழுத்தார். துணியைக் கீழ்ப்பக்கம் விலக்கினார். தண்ணீரில் ஊறி வெளுத்து, யாருடைய கால் என்றும் சொல்ல முடியாத கால்கள். கட்டை விரலில் நம்பர் கட்டியிருந்தது. பதினேழு. எனக்கு அந்தக் காலில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. நாற்பத்தெட்டு வருடம் கூடவே இருந்தும் அவன் காலை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. “டேய்” என்று மட்டும் சொன்னேன். அழுகை வரும் என்று நின்றேன், வரவில்லை. கிளார்க் பெட்டியை உள்ளே தள்ளினார்.

சட்டைப்பையில் பாதி எழுதிய தாள் இருந்தது. இன்னும் ஒரே வரி. கையெழுத்து, சீல். அவளுக்கு இரண்டு மாதம் கிடைக்கும். அந்த மஞ்சள் பல்லைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறக்க வேண்டியதில்லை, எவனும் என்னைக் கேட்கப் போவதில்லை. அறுபது நாள் காலையில் அவள் எழுந்து போனைப் பார்ப்பாள். அறுபது நாளும் இவன் இந்தப் பெட்டியில் பதினேழாம் நம்பராகக் கிடப்பான். ஊருக்கெல்லாம் எந்த வண்டி எப்போது வரும், எங்கே நிற்கும் என்று முப்பது வருடம் சொன்னவன். இரண்டில் எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று தெரிந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். டப்பா அவள் மடியில் இருந்தது.

“எழுதிட்டீங்களா மாமா?”

“பாப்பா, நான் அவனுக்கு ரெண்டு செட் செஞ்சேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். புரியவில்லை.

“முதல்ல செஞ்சதுல இடைவெளி இல்ல. நீ போன்ல பாத்து அழுதியே, அது. குப்பையில போட்டுட்டேன்னு எங்கிட்ட சொன்னான். போடல. வேலைக்கு அதைத்தான் போட்டுட்டுப் போயிருக்கான். இதுல விசில் வருதுன்னு எங்கிட்ட சொல்ல மனசில்லாம.”

“இல்ல” என்றாள். “அது ஆயிரம் பேருக்கு இருக்கும். வரிசையா இருக்கிற செட்டு. நீங்க செஞ்சதுதான்னு எப்படித் தெரியும்?”

மஞ்சள் பல்லைச் சொன்னேன். அன்று பல் தீர்ந்துபோனதையும், என் சோம்பலையும், உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. கையில் இருந்த டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“ஞாயித்துக்கெழமை மட்டும் இதைப் போட்டுக்கிட்டாரா?”

“உனக்காக.”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்துக்கொள்ளத் தயாராகக்கூட இருந்தேன். அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நிதானமாகப் பேசினாள்.

“எனக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு மாமா.”

“பாப்பா…”

“எனக்கும் தெரியும். பல்லு இல்லாம எப்படிப் பேசியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னக் குழந்தையா? ஆனா ரெண்டு மாசம் இருந்துச்சு. காலையில எந்திரிச்சு, இன்னைக்கு வந்துருவாருன்னு சொல்லிக்கிட்டு குட்டிக்கு தலை வாரியிருப்பேன். நீங்க ஒரு வரி எழுதியிருந்தா போதும். அதைக்கூட குடுக்க முடியலையா உங்களுக்கு?”

“அவன் அங்க தனியா, காலுல நம்பரோட கிடக்கிறான்மா.”

“அவருக்கு என்ன தெரியப்போவுது?” அப்போதுதான் குரல் உடைந்தது. “எனக்குத்தானே தெரியும்.”

அவனுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்திருந்தேன். உண்மை அது மட்டுமில்லை. அந்த மஞ்சள் பல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவள் போன் செய்யும்போதெல்லாம் “வந்துருவான் பாப்பா, வந்துருவான்” என்று அறுபது நாள் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் பாரத்தை இறக்கிவைக்க எனக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. அவள் மடிதான் கிடைத்தது.

எழுந்து உள்ளே போனாள். கிளார்க் பதிவேட்டைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். என்ன உறவு என்று கேட்டார். மகள் என்றாள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். கிளார்க் தலையாட்டி, வேண்டாம் என்றார்.

அவள் போன் அடித்தது. கணவன் வேறு ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து.

“தேட வேணாங்க” என்றாள். “அப்பா கெடச்சுட்டாரு. நீங்க வந்துருங்க.”

அந்தப் பக்கம் அவன் சந்தோஷப்பட்டுவிட்டான் போலிருக்கிறது. என்னவோ சத்தமாகக் கேட்டான். அவளால் திருத்திச் சொல்ல முடியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டாள். அவன் குரல் அதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. கிளார்க்தான் எடுத்து அவனோடு பேசினார்.

“வண்டி ஏற்பாடெல்லாம் நான் பாத்துக்கிறேம்மா” என்றேன். “வகுப்புப் பசங்க நாலு பேரைக் கூப்பிடுறேன். உடனே வந்துருவாங்க.”

அவள் திரும்பினாள். கண் காய்ந்திருந்தது. கோபம்கூட இல்லை அதில். கதவை மறைத்துக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“வேணாம் சார்” என்றாள். “நாங்க பாத்துக்கிறோம். நீங்க கெளம்புங்க.”

நான் வழிவிட்டு நின்றேன்.